பழைய ஆல்பத்தில் ஒரு ‘வெலிங்டன்’

லெஸ்டரில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: “பழம்பொருள் சந்தையில் ஓர் ஆல்பம் வாங்கினேன். பக்கத்துக்குப் பக்கம் யார் யாருடைய கையொப்பத்தையோ வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். ஒன்றில் ‘வெலிங்டன்’ என்று இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் சர்ச்சில் கைப்பட எழுதிய நன்றிக் கடிதம் ஒன்று செருகியிருக்கிறது. இவை உண்மைதானா? இந்த மாதிரிப் பழைய பிரிட்டிஷ் பிரமுகர்களின் கடிதங்களைச் சேகரிக்க ஆசை. எப்படித் தொடங்குவது, போலியை எப்படிக் கண்டுபிடிப்பது, ஊருக்கு எடுத்துப்போகலாமா?” படங்களும் அனுப்பியிருக்கிறார்.

வெலிங்டன் என்றால் வாட்டர்லூ போரில் வென்ற வெலிங்டன் டியூக் (டியூக் என்பது ஓர் உயர் பிரபுப் பட்டம்). படத்தை வைத்துச் சொல்வதானால், வெலிங்டன் பெரும்பாலும் உண்மை. சர்ச்சில் அச்சு.

சர்ச்சிலை முதலில் முடித்துவிடுகிறேன். போர்க்காலத்திலும் அதற்குப் பிறகும் அவருக்கு வாழ்த்துகள் குவிந்தன. ஒவ்வொருவருக்கும் கைப்படப் பதில் எழுத முடியாது. அதனால் ஒரு நன்றிக் குறிப்பை ஒரு முறை எழுதி, அதை அப்படியே கையெழுத்துப் போலவே அச்சடித்து அனுப்பினார்கள். வாங்கியவர்களின் குடும்பங்கள் அதைச் சொந்தக் கைக்கடிதம் என்றே நம்பிப் பத்திரப்படுத்தின. நான் காசு கொடுத்து வாங்கிய முதல் ‘சர்ச்சில்’ அதுதான். விற்றவர் அழகாகச் சட்டம் போட்டு வைத்திருந்தார். கண்ணாடிக்குள் இருந்ததால் லென்ஸ் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. பல மாதம் கழித்து ஓர் ஏலப் பட்டியலில் அதே வரிகளைப் பார்த்தேன். அதே வளைவு, புள்ளிகள்கூட அதே இடத்தில். ஒரு மனிதன் ஒரே வாக்கியத்தை இரண்டு முறை எழுதினால் இரண்டும் மயிரிழைகூடப் பிசகாமல் பொருந்தாது. அன்றிலிருந்து சட்டத்தைக் கழற்றிக் காட்டாதவரிடம் நான் எதுவும் வாங்குவதில்லை. சர்ச்சிலின் நிஜக் கடிதங்களில் பெரும்பகுதி தட்டச்சு செய்தவை. தொடக்க விளிப்பையும் முடிவையும் மட்டும் பேனாவால் எழுதுவார். ‘வின்ஸ்டன் எஸ். சர்ச்சில்’ என்று நடுவில் ஓர் எஸ் வரும். அதே பெயரில் அமெரிக்காவில் ஒரு நாவலாசிரியர் இருந்ததால் குழப்பம் வராமலிருக்க அவர் தானாக ஏற்படுத்திக்கொண்ட வழக்கம் அது.

சரி, வெலிங்டனுக்கு வருவோம். உங்கள் படத்தில் அந்தக் கையொப்பம் தனியாக இல்லை. மேலே ஒரு வரியில் ஊர், மாதம், தேதி, ஆண்டு. தேதி எண்ணாக இல்லாமல் எழுத்தில் எழுதப்பட்டிருக்கிறது. நடுவில் யாருக்கோ முகவரி. இடது கீழ் மூலையில் ‘வெலிங்டன்’. பக்கத்தில் கிரீடம் போட்ட சிவப்பு முத்திரை. இது கடிதத்தின் அடியிலிருந்து வெட்டியது இல்லை, கடிதத்தின் முகப்பு, அதாவது மடித்த தாளின் வெளியே முகவரி எழுதும் பக்கம். 1840க்கு முன்பு பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர்களும் பிரபுக்களும் முகப்பில் கையொப்பமிட்டால் கடிதம் இலவசமாகப் போகும். அந்த நாளில் தபால் கட்டணம் தூரத்துக்குத் தூரம் ஏறும், பெரும்பாலும் கடிதத்தைப் பெறுபவர்தான் கட்ட வேண்டும். அதனால் இந்தச் சலுகைக்கு ஏகப்பட்ட கிராக்கி. கையொப்பமிட்ட வெற்றுத் தாள்களை நண்பர்களுக்குக் கொடுப்பது, வேலைக்காரர்களுக்குக் கொடுப்பது என்று எல்லாம் நடந்தது. அதைத் தடுக்கத்தான் 1784இல் விதியை இறுக்கினார்கள்: முழு முகவரியையும், ஊரையும், தேதியையும் உறுப்பினர் தன் கையாலேயே எழுத வேண்டும். பிறகு ஒரு நாளைக்கு 10 கடிதம் அனுப்பலாம், 15 பெறலாம் என்று வரம்பும் வந்தது. 1840 ஜனவரி 10ஆம் தேதி ஒரு பென்னிக்கு எங்கும் கடிதம் போகும் முறை தொடங்கியபோது இந்தச் சலுகை ஒழிந்தது.

அந்தக் காலத்துச் சேகரிப்பாளர்கள் முகப்பை மட்டும் கத்தரித்து ஆல்பத்தில் ஒட்டிவிட்டு மிச்சத்தைத் தூக்கிப்போட்டார்கள். உங்களிடம் இருப்பது அந்த வகை. இதில் ஒரு விஷயம் கவனியுங்கள். முகப்பில் டியூக்கின் எழுத்து இருப்பதால் உள்ளே இருந்ததும் அவர் கடிதம் என்று ஆகிவிடாது. வீட்டு விருந்தாளி யாராவது எழுதிய கடிதத்துக்கு அவர் முகப்பு எழுதித் தந்திருக்கலாம். முழுதாக இருக்கும் தாளை வாங்கும்போதும் இதைச் சோதிக்க வேண்டும்.

நம் மொழியில் கையெழுத்து என்றால் கையொப்பமும் அதுதான், கையால் எழுதியதும் அதுதான். இந்தப் பதிலில் மட்டும் இரண்டையும் பிரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் துறையின் விலையும் மதிப்பும் அந்தப் பிரிவில்தான் இருக்கின்றன. ஏலப் பட்டியலில் ‘ஏ.எல்.எஸ்.’ என்று போட்டிருந்தால் முழுக் கடிதமும் அவர் கையெழுத்து, அடியில் கையொப்பமும் உண்டு. ‘எல்.எஸ்.’ என்றால் எழுத்தர் எழுதினார், அல்லது தட்டச்சு. கையொப்பம் மட்டும் அவருடையது. ‘டி.எஸ்.’ என்றால் ஆவணம். வெட்டியெடுத்த கையொப்பம் எல்லாவற்றுக்கும் கீழ். புதிதாக வருபவர்கள் பெயருக்காக அதைத்தான் முதலில் வாங்குகிறார்கள். நான் வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். துண்டுச் சீட்டில் மோசடி செய்வது எளிது, கண்டுபிடிப்பது கடினம். ஒரு முழுக் கடிதத்தில் போலி செய்பவன் தாளையும், மையையும், முகவரியையும், தேதியையும், எழுதியவரின் பேச்சையும், அந்த வாரம் அவர் எங்கே இருந்தார் என்பதையும் சேர்த்துப் பொய் சொல்ல வேண்டும். எங்கேயாவது மாட்டுவான்.

மாட்டிய கதைகளைக் கேளுங்கள். 1852இல் எட்வர்ட் மாக்ஸன் என்ற லண்டன் பதிப்பாளர், ஏலத்தில் வாங்கிய கவிஞர் ஷெல்லியின் கடிதங்களை இன்னொரு கவிஞரான ராபர்ட் பிரவுனிங்கின் முன்னுரையோடு புத்தகமாகப் போட்டார். கையெழுத்தைப் பார்த்தவர்கள் ஐயப்படவில்லை. கவிஞர் டென்னிசனுக்கு ஒரு பிரதி போனது. அவர் வீட்டுக்கு வந்திருந்த பால்கிரேவ் என்ற இளைஞர் புத்தகத்தைப் புரட்டினார். ஒரு கடிதத்தில் இருந்த பகுதி அவருக்கு ஏற்கெனவே தெரிந்ததாக இருந்தது. அவருடைய அப்பா ஒரு பத்திரிகைக் கட்டுரையில் எழுதியது அது. ஷெல்லி இறந்தது 1822இல். கட்டுரை வந்தது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து. மாக்ஸன் புத்தகத்தைத் திரும்பப் பெற்றார். கவிஞர் பைரனின் மகன் என்று சொல்லிக்கொண்டு திரிந்த ஒருவரின் கைவேலை என்று தெரியவந்தது. எடின்பரோவில் ‘ஆன்டிக்’ ஸ்மித் என்று பெயர் எடுத்தவர் இன்னொருவர். ராபர்ட் பர்ன்ஸ், வால்டர் ஸ்காட் ஆகிய ஸ்காட்லாந்து எழுத்தாளர்களின் பெயர்களில் எழுதிக் குவித்தார். பழைய புத்தகக் கடையில் தடித்த புத்தகங்களாகப் பார்த்து வாங்குவார். உள்ளே என்ன இருக்கிறது என்பது முக்கியமில்லை, முன்னும் பின்னும் இருக்கும் வெற்றுத் தாள்தான் அவருக்கு வேண்டும். அவரையும் கையெழுத்து காட்டிக்கொடுக்கவில்லை. பர்ன்ஸ் எழுதியதாக அவர் விற்ற ஒரு கவிதை 1766இலேயே ஒரு லண்டன் இதழில் அச்சாகியிருந்தது. அப்போது பர்ன்ஸுக்கு 7 வயது. 1893இல் ஸ்மித்துக்கு ஓராண்டு சிறை.

இரண்டு கதையிலும் உள்ளே இருந்ததை வாசித்ததால்தான் போலி பிடிபட்டது என்பதைப் பாருங்கள். கடிதத்தைக் கையில் வாங்கியதும் கையொப்பத்துக்குக் கண் ஓடும், அது இயல்பு. அதை அடக்கி, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசியுங்கள். யாருக்கு, எதற்கு, எங்கிருந்து எழுதினார் என்று கேளுங்கள்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது கையொப்பமே இல்லாத ஒரு கடிதம். அதுவும் வெலிங்டன்தான். டியூக் தெரியாதவர்களுக்குப் பதில் எழுதும்போது தன்னைப் படர்க்கையில் குறிப்பிடுவார்: ‘ஃபீல்டு மார்ஷல் வெலிங்டன் டியூக் தம் வணக்கத்தைத் தெரிவித்துக்கொள்கிறார்’ என்று தொடங்கி, அதே நடையில் முடித்துவிடுவார். அடியில் பெயர் போட மாட்டார், பெயர்தான் முதல் வரியிலேயே இருக்கிறதே. என்னிடம் இருப்பது 1845இல் வால்மர் கோட்டையிலிருந்து எழுதியது. சிபாரிசு கேட்ட ஒருவருக்கு, உங்களை எனக்குத் தெரியாது, தெரியாதவரைப் பற்றி நான் எப்படிச் சொல்ல முடியும் என்று ஒரு பக்கத்தில் மறுப்பு. தாளை ஜன்னலுக்கு நேரே பிடித்தால் ‘ஜே வாட்மன் 1844’ என்று தாள் செய்தவர் பெயரும் ஆண்டுமாக நீர்க்குறி தெரியும். முதுமையில் அவர் எழுத்து மோசமாகிப் போனது, ஒரு சொல்லை வாசிக்க எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. கையொப்பம் இல்லை என்பதால் மலிவாகக் கிடைத்தது. வாட்டர்லூவில் வென்ற மனிதர் தன் வீட்டு மேஜையில் உட்கார்ந்து, எழுத்தரிடம் விடாமல், யாரோ ஒருவருக்குத் தானே முடியாது என்று எழுதிய அந்தப் பக்கத்தை நான் எந்தத் துண்டுச் சீட்டுக்கும் மாற்ற மாட்டேன்.

அப்புறம், பெயரிலேயே உள்ள பொறிகள். பிரிட்டிஷ் பிரபுக்கள் பட்டத்தை மட்டும் எழுதிக் கையொப்பமிடுவார்கள், பட்டம் மகனுக்குப் போகும். முதல் டியூக் இறந்தது 1852 செப்டம்பரில். அதற்குப் பிந்தைய ‘வெலிங்டன்’ எல்லாம் அவர் மகனும் பேரன்களும். பின்னோக்கிப் போனால் இன்னும் சிக்கல், அது நம் ஊர்ப் பக்கம் வருகிறது. பின்னாளில் வெலிங்டன் டியூக் ஆனவர், இந்தியாவுக்கு இளம் கர்னலாக வந்தபோது ‘ஆர்தர் வெஸ்லி’ என்றுதான் கையொப்பமிட்டார். 1798இல்தான் குடும்பம் ‘வெல்லெஸ்லி’ என்ற வடிவத்துக்கு மாறியது. 1799க்குப் பிறகு இந்தியாவிலிருந்து எழுதப்பட்ட தாள்களில் முன்பெயர் இல்லாமல் ‘வெல்லெஸ்லி’ என்று மட்டும் இருந்தால், அது அண்ணன் ரிச்சர்ட், கவர்னர் ஜெனரல். அவரும் 1799 கடைசியில் மார்க்வெஸ் பட்டம் பெறும்வரை, தன் முந்தைய பட்டப்படி ‘மார்னிங்டன்’ என்றுதான் எழுதினார். தம்பியின் பெயரில் விலை வைத்து அண்ணனின் கையொப்பத்தை விற்பதை நான் பார்த்திருக்கிறேன். அது மோசடி என்றுகூடச் சொல்ல முடியாது, விற்பவருக்கே தெரியவில்லை.

கடற்படைத் தளபதி நெல்சன் விஷயத்தில் உடம்பே தேதி சொல்லும். 1797 ஜூலையில் டெனெரீஃப் தீவில் வலது கையை இழந்தார், சில நாளில் இடது கையால் எழுதத் தொடங்கிவிட்டார். அதற்கு முந்தைய எழுத்து வலப்பக்கம் சாய்ந்து நெருக்கமாக இருக்கும். பிந்தையது நிமிர்ந்து, பெரிதாக, முதல் மாதங்களில் தடுமாற்றத்தோடு இருக்கும். நேப்பிள்ஸ் மன்னர் 1799இல் பிராண்டே டியூக் பட்டம் கொடுத்தார். 1801 முதல் அவர் கையொப்பம் ‘நெல்சன் அண்ட் பிராண்டே’. ஆக, வலது கைச் சாய்வில் அந்தக் கையொப்பம் வரவே முடியாது. டிராஃபால்கர் போருக்கு இரண்டு நாள் முன்பு காதலி எம்மாவுக்கு எழுதத் தொடங்கி முடிக்காமல் மேஜையில் கிடந்த கடிதம் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. வாய்ப்புக் கிடைத்தால் போய்ப் பாருங்கள், இடது கையின் எழுத்து மனத்தில் பதிந்துவிடும்.

அரசர்களின் கையொப்பம் ஆவணத்தின் தலையில் இருக்கும். விக்டோரியா தன் பெயருக்குப் பின் அரசி என்பதற்கு ‘ஆர்’ என்று எழுதிவந்தவர் 1877இல் இந்தியப் பேரரசி ஆன பிறகு ‘ஆர்.ஐ.’ என்று சேர்த்தார். எட்டாம் ஹென்றியின் கடைசிக் காலத்தில், 1545 முதல், அவர் கையொப்பத்தை அச்சால் தாளில் அழுத்திப் பதித்து, அந்தப் பள்ளத்தில் எழுத்தர் மை நிரப்பினார். அவருடைய உயிலே அப்படித்தான். நான்காம் ஜார்ஜ் 1830இல் படுத்த படுக்கையானபோது கையொப்பத்துக்குப் பதில் முத்திரை குத்துவதற்குச் சட்டமே போட்டார்கள்.

தாளும் மையும் பற்றிக் கொஞ்சம். 19ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பா எழுதியது மாசிக்காய் மையில். நம் வீட்டில் குழந்தைக்கு உரைத்துக் கொடுக்கும் அதே மாசிக்காய், கூட அன்னபேதி, பிசின். எழுதும்போது வெளிறி, காற்றுப் பட்டுக் கறுத்து, காலப்போக்கில் பழுப்பாகும். தாளைக் கொஞ்சம் தின்னவும் செய்யும், அழுத்தி எழுதிய இடத்தில் பின்பக்கம் பழுப்பு தெரியும். 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். பேனா கோட்டில் மை ஒரே சீராக இருக்காது. கோடுகள் குறுக்கிடும் இடத்தில் அடர்ந்து, மை தீரும் இடத்தில் மெலிந்து, மறுபடி தொட்ட இடத்தில் திடீரென்று கறுக்கும். அச்சில் இந்த மூச்சு இருக்காது. அடுத்து மடிப்பைப் பாருங்கள். உறை போட்டால் கூடுதல் தாளுக்குக் கூடுதல் கட்டணம் என்பதால் 1840 வரை தாளையே மடித்து அரக்கு வைத்து அனுப்பினார்கள். தேய்ந்த மடிப்பின் மேல் போகும் கோட்டில் மை இருபுறமும் கசிந்திருந்தால், தாள் பழசான பிறகு எழுதியது. பூச்சி அரித்த ஓட்டையை எழுத்துகள் ஒதுங்கிப் போனாலும் அப்படியே. பூச்சி எழுத்தைப் பார்த்து ஒதுங்காது. 1794க்குப் பிறகு பிரிட்டிஷ் தாள்களின் நீர்க்குறியில் ஆண்டு இருப்பது சகஜம். கடிதத்தின் தேதியைவிடப் பிந்திய ஆண்டு நீர்க்குறியில் இருந்தால் பேச்சே வேண்டாம். புற ஊதா விளக்கில் தாள் நீலவெள்ளையாக மின்னினால் அது 1950ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ வந்த தாள்.

யாரைச் சேகரிப்பது? எல்லோரையும் கொஞ்சம் கொஞ்சம் என்று போகாதீர்கள். ஒருவரை, அல்லது ஒரு வட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே கையெழுத்தை நூறு முறை பார்த்தவரை ஏமாற்றுவது கடினம். ஜேன் ஆஸ்டின் உங்கள் கைக்கும் என் கைக்கும் வராது, மிஞ்சியவை சுமார் 160 கடிதங்கள்தான். அக்கா கசாண்ட்ரா பெரும்பாலானவற்றை எரித்தார், தப்பியவற்றில் சிலவற்றை உறவினர்கள் துண்டு துண்டாக வெட்டி ரசிகர்களுக்குக் கொடுத்தார்கள். டார்வினும் இன்று எட்டாத விலை. ஆனால் அவர் வட்டம் எட்டும். நண்பரான தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கரோடு மட்டும் அவர் பரிமாறிய கடிதங்கள் 1,400 வரை இருக்கின்றன. ஹூக்கரும், அதே வட்டத்து அறிவியலாளர்களான ஹக்ஸ்லியும் லைலும் வேறு பலருக்கும் எழுதிக் குவித்தவர்கள். டார்வின் எழுதியதும் பெற்றதுமாகச் சுமார் 15,000 கடிதங்களை கேம்பிரிட்ஜ் குழு முழுதாகப் பதிப்பித்து இணையத்தில் இலவசமாகத் திறந்துவைத்திருக்கிறது. வாங்குவதற்கு முன் அங்கே ஒரு மாதம் படிப்பது எந்தச் சான்றிதழையும்விட மேல். நம் ஊரோடு தொடர்பு வேண்டுமென்றால் சென்னை ஆளுநர்களைப் பாருங்கள். தாமஸ் மன்றோ விலை கூடுதல். 1881 முதல் 1886 வரை ஆளுநராக இருந்து மெரினாவுக்கு அந்தப் பெயரை வைத்த கிராண்ட் டஃப், அதற்கு முன் நெடுங்காலம் நாடாளுமன்ற உறுப்பினர், ஓயாமல் எழுதியவர். அவர் கடிதம் ஒரு நல்ல சாப்பாட்டுச் செலவில்கூட அகப்படும். நான் தொடங்குவதானால் இன்று அங்கேதான் தொடங்குவேன்.

வாங்குமிடம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஏ.பி.ஏ. என்ற பழம்புத்தக வணிகர் சங்கத்தின் உறுப்பினர்களிடம், உண்மையில்லை என்று தெரிந்தால் எப்போது வேண்டுமானாலும் பணம் திரும்ப என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு வாங்குங்கள். ‘உண்மைச் சான்றிதழ்’ என்ற பொன்னிறத் தாளை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். அதைவிட, எந்த வீட்டிலிருந்து எந்த ஏலத்தின் வழியாக வந்தது என்ற ரசீதுகள் மதிப்பு. அரசு அலுவலகக் கோப்பு எண்ணோ, நூலக முத்திரையோ இருந்தால் தொடாதீர்கள், திருட்டுப் பொருளாக இருக்கலாம்.

ஊருக்கு எடுத்துப்போவதைக் கேட்டீர்கள். 50 ஆண்டுக்கு மேற்பட்ட கையெழுத்துப் பிரதிகள் பிரிட்டனை விட்டுப் போக ஏற்றுமதி உரிமம் தேவைப்படும், விற்பவரிடமே விசாரியுங்கள். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, 75 ஆண்டு கடந்த, வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் பிரதியும் தொல்பொருள்தான். தனியாள் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. ஆகவே கொண்டுபோனால் அது ஒருவழிப் பயணம் என்று நினைத்து முடிவெடுங்கள். இன்னொன்று, தாள் உங்களுடையதானாலும் வாசகம் உங்களுடையதில்லை. அச்சேறாத பழைய கடிதங்கள் பலவற்றுக்குப் பிரிட்டனில் 2039 முடியும்வரை காப்புரிமை இருக்கிறது, எழுதியவர் இறந்து 200 ஆண்டு ஆகியிருந்தாலும்.

பாதுகாப்பில் செய்யக்கூடாதவைதான் முக்கியம். செலோடேப், பசை, லேமினேஷன் மூன்றும் கூடாது. வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள், மாசிக்காய் மை கண்ணெதிரே வெளிறும். அமிலமில்லாத தாளிலோ பாலியஸ்டர் உறையிலோ வையுங்கள். சென்னை ஈரத்துக்கும் ராமபாணப் பூச்சிக்கும் பீரோவின் அடித்தட்டு வேண்டாம்.

ஆல்பத்தை என்ன செய்வது என்றுதானே யோசிக்கிறீர்கள். கலைக்காதீர்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்லியம் அப்காட் என்ற நூலகர் சர்ரேயில் ஈவ்லின் குடும்பத்து வீட்டுக்குப் போயிருந்தபோது, அங்கே பழைய கடிதங்களைத் துணி வெட்டும் அளவுத் தாளாகப் பயன்படுத்துவதைக் கண்டார். அந்த வீட்டுத் தாள்களிலிருந்துதான் 17ஆம் நூற்றாண்டு எழுத்தாளர் ஜான் ஈவ்லினின் நாட்குறிப்பு வெளியே வந்தது. அப்காட்டின் சேகரிப்பில் 32,000 கடிதங்கள் இருந்தன. உங்கள் ஆல்பத்தை ஒட்டியவரும் அவர் அளவில் ஒரு சேகரிப்பாளர். எந்த வரிசையில், யாருக்குப் பக்கத்தில் யாரை ஒட்டினார் என்பதிலிருந்து அவர் யார், யாருக்கு வேண்டியவர் என்று கண்டுபிடிக்க முடியலாம்.

வெலிங்டன் துண்டைத் தண்ணீரில் நனைத்து உரிக்க வேண்டாம், மை போய்விடும். ஒட்டியவர் ஓரங்களில் மட்டும் பசை தடவியிருப்பதாகப் படத்தில் தெரிகிறது. இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, ஆல்பத் தாளின் பின்னால் கைபேசி வெளிச்சத்தைக் காட்டுங்கள். முகவரிக்கு அந்தப்பக்கம் கடிதத்தின் சில வரிகள் இடவலம் மாறித் தெரிய வாய்ப்பு இருக்கிறது. தெரிந்தால் படமெடுத்து, கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பி, எனக்கு அனுப்புங்கள். சேர்ந்து வாசித்துப் பார்ப்போம்.